லேசாகிப்போனவள்

அத்தியாயம் 11

வாடகைக் கார் வாசலில் வந்து நின்றதும் சுப்புராயன் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டார். மடிக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரம். அறுபத்துமூன்று வயதில் புதிதாக முளைத்த புஜத்தை விழுப்புரம் வழுதரெட்டி பார்க்க வேண்டாமா?

உள்ளே போய் மனைவி ஜெயம்மாளைக் கட்டிலிலிருந்து இரண்டு கைகளிலும் ஏந்தினார். கூடத்தைக் கடந்து, வாசல்படி இறங்கி, காரின் பின் சீட்டில் உட்கார வைத்தார். மூச்சு வாங்கவில்லை. முகம் கோணவில்லை. எதிர்வீட்டு சவுரியம்மாள் பெருக்குவதை நிறுத்திவிட்டுத் துடைப்பமும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா டிரைவரே, பூவைத் தூக்கறாப்பல தூக்கிக்கினு வர்றீங்க?"

"மூணு மாசமா ஜிம்முக்குப் போறேன் இல்ல? சும்மாவா சவுரியம்மா?" என்றார் சுப்புராயன்.

ஜெயம்மாள் கார் ஜன்னல் வழியாக சவுரியம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தெருவைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

இந்தப் பெருமையின் பின்கதை, வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வண்டியில் ஏறினவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

சுப்புராயன் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே வயதைக் கழித்தார். வீட்டுக்கு வந்தாலும் சீட்டுதான், டி.வி.க்கு எதிரே. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் ஜெயம்மாளின் இடுப்பிலும் தோளிலும் ஏறித்தான் அந்த வீட்டுக்குள் வந்தன. முதுகு போனால் டிரைவருக்குப் பிழைப்பு போச்சு என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஜெயம்மாளுக்கும் ஒரு முதுகு உண்டு என்பது அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிவு. வீட்டில் இருந்தது சுப்புராயன் மட்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்ததில் அவரே ஈரத்தரையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தெருவுக்கு ஓடி ஆள் கூப்பிட்டார். ஈரப் பாவாடையோடு கிடந்த பெண்டாட்டியை, போகிற வருகிற ஆண்கள் நாலு பேர் வந்து தூக்கினார்கள். ஜெயம்மாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வலியில் மூடியிருக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். வெட்கத்தில் மூடியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் முடிந்து அவள் வீடு வந்த வாரமே சுப்புராயன் நாலாவது தெருவில் அருள் நடத்துகிற ஜிம்மில் போய் நின்றார், வேட்டியோடு. கண்ணாடி முன்னால் நின்றிருந்த வாலிபர்கள் யாரோ நன்கொடை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். பெண்டாட்டியைத் தூக்க வேண்டும், அதற்கு எவ்வளவு சதை வேண்டுமோ அவ்வளவு போதும் என்று அவர் சொன்னபோது அருள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழச் சொன்னான். அதுதான் முதல் பாடம். அதுவே முடியவில்லை.

பிறகு மெல்ல மெல்ல ஏற்றினான். வெறும் கம்பி, அதில் சின்னத் தட்டு, அப்புறம் பெரிய தட்டு. சுப்புராயன் ஜல்தியாக ஏற்றச் சொல்லி நச்சரித்தார். சதை ஜிம்மில் வளராது, சோற்றிலும் தூக்கத்திலும்தான் வளரும், ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவன் பொறுமையாகச் சொன்னான். முட்டை, பருப்பு, மீன், முளைகட்டின பயறு, ஊறவைத்த மல்லாட்டைக் கடலை என்று சாப்பாட்டையும் மாற்றினான். பீடி போனது. பதினோரு மணி வரைக்கும் ஓடின டி.வி. ஒன்பது மணிக்கே அணைந்தது.

அப்படித்தான் ஜெயம்மாளைத் தூக்குவது அவருக்கு வாரத்துக்கு வாரம் சுலபமாகிக்கொண்டே வந்தது. அதைத்தான் போன வாரம் மகள் சூர்யகலாவிடம் போனில் அளந்துகொண்டிருந்தார்.

சூர்யகலா திண்டிவனத்தில் அங்கன்வாடி டீச்சர். ஆஸ்பத்திரியில் அம்மா கூடவே இருந்தவள், வீட்டுக்குத் திரும்பிய மறுவாரமே மூத்தவனுக்கு அம்மை வார்த்துவிட்டது. அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்போது சின்னவளுக்கு. வாசலில் வேப்பிலை செருகின வீட்டிலிருந்து படுக்கையில் இருக்கிறவளைப் பார்க்க எப்படிக் கிளம்புவது? போனில் முகத்தைப் பார்த்துப் பேசுவதோடு சரி. அம்மை இறங்கினதும் அவள் முதல் வேலையாக அப்பாவிடம் ஒரு பேச்சு வைத்தாள். திண்டிவனத்தில் தமிழ்ச்செல்வி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாள், அவளிடம் அம்மாவைக் காட்டலாம். அப்பா கவனிப்பது போதும் என்று அவள் சொன்னால் அம்மா விழுப்புரத்தில். போதாது என்றால் அம்மா தன்னோடு.

சுப்புராயன் மார்தட்டி ஒப்புக்கொண்டார். இன்று அந்தப் பரீட்சைக்குத்தான் போகிறார்கள்.

விக்கிரவாண்டி தாண்டினதும் டிபன் டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டைகள். ஒன்றை உரித்துப் பின்பக்கம் நீட்டினார். ஜெயம்மாள் வாயு பிடிக்கிறது என்று தலையாட்டினாள்.

"நீங்க துன்னுங்க. தூக்கறது நீங்கதான?"

நியாயமாகத்தான் பட்டது. தின்றார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தபோது அவளுக்கும் ஒன்று சொல்லப்போனார். வேண்டாம் என்றாள். தண்ணீர்? அதுவும் வேண்டாம். வழியில் ஒண்ணுக்கு வந்தால் உங்களுக்குத்தான் பேஜாரு என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவளுடைய நியாயங்கள் எல்லாம் எப்போதும் அவர் பக்கமாகவே சாய்ந்திருக்கும். அது எப்படி என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டை ஒட்டிய சின்னத் தெருவில் அந்த கிளினிக். வாசலில் சூர்யகலா காத்துக்கொண்டிருந்தாள். கார் நின்றதும் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சுப்புராயன் அவசரமாக இறங்கி, வாக்கரை எடுக்க டிக்கிப் பக்கம் போனார். ஆஸ்பத்திரியில் வாங்கச் சொல்லி வாங்கின வாக்கர் அது. இத்தனை நாளும் அவருடைய ஜிம் பனியனைக் காயப்போடத்தான் பயன்பட்டது. டாக்டரிடம் போகிறோமே என்று மரியாதைக்கு எடுத்து வந்திருந்தார்.

டிக்கியை மூடிவிட்டுத் திரும்பினார்.

சூர்யகலா பின் கதவைத் திறந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். தனியாக. பிள்ளையைத் தூக்குகிற மாதிரி, ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு. செருப்புகூட நழுவவில்லை. லாரி தாண்டிப் போகட்டும் என்று தூக்கினவள், லாரி போன பிறகும் இறக்காமல் அப்படியே நின்றாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா" என்றாள். "ஆஸ்பத்திரியில அம்மாவ நானும் ஆயாவும் சேர்ந்து புரட்டிப் படுக்க வைக்கவே முடியல. இப்ப நான் ஒருத்தியே தூக்கிக்கினு நிக்கறேன்."

சுப்புராயனுக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் எந்த ஜிம்முக்கும் போவலையேப்பா" என்றாள் சூர்யகலா.

அப்போது விளங்கியது. நின்ற இடத்திலேயே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடக்க முடியாதவர் அவர்தான் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

மாதாமாதம் பிள்ளைகளை எடை போடுகிறவள் சூர்யகலா. மெலிந்த பிள்ளையைத் தூக்கின உடனே அவள் கைக்குத் தெரிந்துவிடும். அவள் அம்மாவை உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்து, புடவைத் தலைப்பை விலக்கி மேல்கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் சுலபமாகத் தொட்டுக்கொண்டன. ரவிக்கையின் கை தொளதொளவென்று தொங்கியது. வளையல்கள் நழுவாமல் இருக்க நூல் சுற்றி வைத்திருந்தாள் ஜெயம்மாள். அந்த நூலை சுப்புராயனும் பார்த்திருந்தார். படுக்கையில் கிடப்பவள் இளைக்கத்தானே செய்வாள் என்று விட்டுவிட்டார்.

தமிழ்ச்செல்வி சின்ன வயதுக்காரி. சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். ஜெயம்மாளின் இரண்டு தொடைகளையும் அழுத்திப் பார்த்தாள். காலை நீட்டச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், தன் உள்ளங்கையை எதிர்த்து மிதிக்கச் சொன்னாள். அடிபட்ட கால் மிதித்ததில் உள்ளங்கை அசையவே இல்லை. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை, எலும்பைச் சுமந்து போக வேண்டிய சதைதான் இல்லை என்றாள்.

வீட்டில் தினம் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று கேட்டாள்.

"நடக்க வுடறதே இல்ல மேடம்" என்றார் சுப்புராயன். காலையில் அதைப் பெருமையாகச் சொல்லத்தான் வைத்திருந்தார். இப்போது வாயிலிருந்து வரும்போதே அது வேறு மாதிரி கேட்டது. "மொத நாள் நிக்க வெச்சப்ப அழுதா. எனக்குத் தாங்கல. நான் இருக்கறேன், நீ காலைக் கீழ வெக்காதன்னு சொல்லிட்டேன். பாத்ரூம், கட்டில், சாப்பாடு, எல்லாத்துக்கும் நான்தான் தூக்கறேன்."

தமிழ்ச்செல்வி அவர் கையைப் பார்த்தாள். எடை தூக்கிக் காய்த்த உள்ளங்கை.

"நீங்க ஜிம்முக்குப் போறீங்களா சார்?"

"ஆமா."

"கைக்கு வேலை கொடுக்கலைன்னா இன்னா ஆகும்னு உங்க டிரெய்னர் சொல்லியிருப்பாரே."

சொல்லியிருந்தான். ஒரு வாரம் சளி பிடித்து ஜிம்முக்குப் போகாமல் இருந்துவிட்டு வந்தபோது அருள் அதைத்தான் சொன்னான். சதைக்குப் பாரம் கொடுத்தால் வளரும், கொடுக்காவிட்டால் கரைந்துவிடும் என்றான். அந்தப் பேச்சை எதிர்வீட்டிலும் டீக்கடையிலும் எத்தனை பேரிடம் எடுத்துவிட்டிருப்பார். ஜெயம்மாளின் காலுக்கும் அதுவேதான் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தன் உடம்பைப் பற்றிச் சொன்னதாக மட்டுமே எடுத்துக்கொண்டார். அவர் காதுக்கு அப்படித்தான் பழக்கம்.

அடுத்தது சாப்பாடு. தமிழ்ச்செல்வி கேட்கக் கேட்க ஜெயம்மாள் சுப்புராயனைப் பார்த்துப் பார்த்து பதில் சொன்னாள். காலையில் அரை டம்ளர் கேப்பைக் கூழ். மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு, ரசம். ராத்திரிக்கு வேண்டியிருக்காது.

"முட்டை?"

"அவரு துன்னுவாரு."

"நீங்க?"

சூர்யகலா மண்டியிட்டு உட்கார்ந்து அம்மாவின் முகத்துக்கு நேரே பார்த்தாள். பசிக்கவில்லையா, குமட்டுகிறதா, எங்கேயாவது வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஜெயம்மாள் இல்லை என்றாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"பசிக்கும். நல்லாவே பசிக்கும். துன்னா கனம் ஏறுமில்ல? அவரு தூக்கணுமே."

ஜெயம்மாளே தொடர்ந்தாள். கோபமில்லாமல், மார்க்கெட்டுக்குப் போய்வந்த கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் அவர் தூக்கும்போது அவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க முனகினார். மறுநாள் தூக்கினபோது, "இன்னா ஜெயா, அரிசி மூட்டையாட்டம் கனக்கற" என்றார். சும்மா சிரிக்கத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து ஒரு கரண்டி குறைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் தூக்கினபோது அவர் அவ்வளவாக முனகவில்லை. சரி, இது நல்ல வழி என்று இன்னும் ஒரு கரண்டி. தண்ணீர் குறைத்தால் பாத்ரூமுக்குத் தூக்குகிற வேலையும் குறையும். முட்டையை அவரே தின்றால் அவருக்குப் பலம் ஏறும். வாரா வாரம் அவர் சுலபமாகத் தூக்கினதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அவரு ஜிம்முக்குப் போயி வந்து கண்ணாடி பாப்பாரு. மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். அதைப் போயி இன்னாத்துக்குக் கெடுக்கறது?" என்றாள்.

சுப்புராயனுக்கு அந்த அரிசி மூட்டைப் பேச்சு ஞாபகமே இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. சொன்னவருக்கு மறந்துபோன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மூன்று மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள். தனக்குப் பலம் ஏறுகிறது என்று கண்ணாடி பார்த்த ஒவ்வொரு நாளும், அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தாள். அவள் பங்கு முட்டையைத் தின்றுதான் அவளைத் தூக்கினார்.

அப்பா என்று சூர்யகலா ஏதோ ஆரம்பித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தமிழ்ச்செல்விதான் பேச்சை வேலைக்குத் திருப்பினாள். சாருக்குப் பலம் ஏறினது பொய்யில்லை, இந்த வயதில் ஏறியிருக்கிறதே, அம்மாவுக்கும் ஏறும், ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் எழுந்திருப்பதே கஷ்டமாகிவிடும் என்றாள். சாப்பாட்டில் வேளைக்கு ஒரு முட்டையோ மீனோ பருப்போ இருக்க வேண்டும். தண்ணீர் குறைக்கவே கூடாது. நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். சுலபமானதும் தலையணையை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு வாக்கர்.

சுப்புராயனுக்கு அந்தப் பாடம் நன்றாகத் தெரியும். அருள் அவருக்கு வைத்த முதல் பாடம் அது.

"ஒண்ணே ஒண்ணு சார். யாரும் தூக்கக் கூடாது. பக்கத்துல நிக்கலாம். அவங்களா எழுந்துக்கணும்" என்றாள் தமிழ்ச்செல்வி.

சுவரோரம் பதித்திருந்த கம்பிக்கு முன்னால் ஜெயம்மாளை உட்கார வைத்தார்கள். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு சாண் கிளம்பியிருக்கும். முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. அவள் முகத்தில் பயம் தெரிந்த அந்தக் கணம் சுப்புராயன் பாய்ந்துபோய் அவளை வாரி எடுத்துவிட்டார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. கை தானாகப் போனது. அவர் கையில் வந்த உடனே ஜெயம்மாளின் கால்கள் துவண்டு தொங்கின. அவளும் ஒன்றும் செய்யவில்லை. அவையும் தானாகத்தான் துவண்டன.

தமிழ்ச்செல்வி அதட்டவில்லை. மறுபடி உட்கார வைக்கச் சொன்னாள். இந்தத் தடவை சுப்புராயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஜெயம்மாள் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தாள். கால் ஆடியது. கம்பியை விட்டுவிட்டு அவர் நின்ற பக்கமாகவே சாய்ந்தாள். அவர் பிடிக்காமல் என்ன செய்வார்? பிடித்தார்.

மூன்றாவது தடவை தமிழ்ச்செல்வி எழச் சொல்லவில்லை. இன்றைக்குப் போதும், வீட்டில் செய்யட்டும் என்றாள். எந்த வீட்டில் என்று அவள் சொல்லவில்லை. பரீட்சையின் முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் சூர்யகலா வீட்டில் சங்கரா மீன் குழம்பு. முள் பார்த்து, சதை பார்த்து, அவள் அம்மாவின் தட்டில் வைத்தாள். ஜெயம்மாள் முதலில் சுப்புராயனைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. சோற்றைப் பிசைகிற அவசரத்தில் குழம்பு புறங்கை வரை வழிந்தது. பசித்த பிள்ளை மாதிரி சாப்பிட்டாள். தலையை நிமிர்த்தவே இல்லை. சுப்புராயன் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

எத்தனை வருஷமாக அவள் தட்டில் என்ன விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை? இந்த மூன்று மாதம்தானா? பணியில் இருந்த காலத்தில், நடுநிசியில் வண்டியை விட்டுவிட்டு வந்தால் சட்டியில் கடைசித் துண்டு மீன் அவருக்காக இருக்கும். நீ சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆச்சு என்பாள். அந்த ஒரு சொல்லை நம்புவது எவ்வளவு வசதியாக இருந்தது. அப்போது கேட்டிருக்கலாம். சட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது?

பொழுது சாயத் தொடங்கியது. கார் டிரைவர் வெளியே ஹாரன் அடித்தான். சுப்புராயன் கூடத்துக்கு வந்தார். ஜெயம்மாள் மர நாற்காலியில் இரண்டு தலையணை மேல் உயரமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே வாக்கர். சூர்யகலா பக்கத்தில் நின்றாள்.

அவர் தயாராக ஒரு பேச்சு வைத்திருந்தார். இனி நான் தூக்க மாட்டேன், தட்டில் வைத்ததை முழுக்கச் சாப்பிட வைப்பேன், நாற்காலி நம் வீட்டிலும் இருக்கிறது, கிளம்பு போகலாம் என்று. பாதி சொல்லும்போதே ஜெயம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பேச்சை அவள் நிறுத்தினது அன்றைக்குத்தான்.

"நீங்க எதிர்ல நின்னா எனக்குக் கால் வரலீங்க" என்றாள். "புடிக்க ஆளு இருக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் இங்கியே கலாகிட்ட இருக்கறேன். நீங்க ஊருக்குப் போங்க."

"எத்தினி நாளைக்கு?"

"தெரியல."

"நான் தப்புப் பண்ணிட்டேன் ஜெயா."

இல்லை என்று அவள் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்லிவிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"தூக்கினது தப்பில்லீங்க" என்றாள் அவள். "ரொம்ப நாள் கழிச்சு வந்து தூக்கினீங்க. அதான். எனக்கும் வுட மனசு வரல. தூக்கிக்கினே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

அவர் அவள் இடுப்பைப் பார்த்தார். குடம் சுமந்த இடுப்பு அது. சிலிண்டரை வாசல்படி ஏற்றின இடுப்பு. அன்றைக்கு அவர் ஒரு கை கொடுத்திருந்தால், இன்றைக்கு அவள் அவர் கைக்காக இப்படிப் பட்டினி கிடந்திருக்க மாட்டாள். இது அவருக்கு நன்றாகப் புரிந்தது. புரிய வேண்டிய காலத்தில் புரியாமல், இப்போது புரிந்தது.

"இப்ப ஒரு வாட்டி எழுந்து பாக்கப் போறேன்" என்றாள் ஜெயம்மாள். "நீங்க வெளிய போயிடுங்க. நான் கூப்பிட்டாலும் வராதீங்க. நான் எப்பிடிக் கூப்பிட்டாலும்."

சுப்புராயன் சூர்யகலாவைப் பார்த்தார். போங்கப்பா, நான் இருக்கிறேன் என்று அவள் தலையசைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார். கேட்டுக்கு வெளியே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் டிரைவர் கதவைத் திறந்து பிடித்தான். கொஞ்சம் இருப்பா என்றார்.

பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் காதைத் தீட்டிக்கொண்டார். மெதுவா, மெதுவா என்று சூர்யகலாவின் குரல். நாற்காலி கால் தரையில் இழுபடுகிற சத்தம். ஜெயம்மாளின் மூச்சு இங்கே வரை கேட்டது, அல்லது கேட்டதாக அவருக்குத் தோன்றியது. பிறகு ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. தலையணை விழுந்தால் அவ்வளவு சத்தம் வராது. வாக்கரா, நாற்காலியா, அவளா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

அப்புறம் சத்தமே இல்லை.

"ஏங்க" என்று ஜெயம்மாள் கூப்பிட்டாள்.

நின்றுகொண்டு கூப்பிடுகிற குரலா, விழுந்துகிடந்து கூப்பிடுகிற குரலா? முப்பத்தெட்டு வருஷம் கேட்ட குரலில் அதைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் ஒருமுறை கூப்பிட்டாள். கேட்டைப் பிடித்திருந்த அவர் கைகள், தட்டுத் தட்டாக எடை ஏற்றிப் பழக்கின அந்தக் கைகள், இன்னும் இறுகின.

அவர் போகவில்லை.

அவள் கூப்பிட்டு அவர் போகாமல் இருந்தது முதல் தடவை இல்லை. விழுப்புரம் வீட்டில் சமையலறையிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். அவர் நாற்காலியை விட்டு அசைந்ததில்லை. அப்போதெல்லாம் இப்படி வலித்ததில்லை.